குறையாத தம்ளர்

கூடத்தில், எட்டு நாளைக்கு முன்பு கார்த்திகேசனின் மனைவியைக் கிடத்தியிருந்த இடத்தில் விளக்கு எரிகிறது. பக்கத்தில் எவர்சில்வர் தம்ளர் நிறையத் தண்ணீர். போன உயிருக்குத் தாகம் எடுக்கும் என்று பதினாறு நாளும் வைப்பது. நான்கு மணி வெயிலில் சன்னல் கம்பிகளின் நிழல் நீண்டு தம்ளரைத் தொடுகிறது. கார்த்திகேசன் சுவரில் சாய்ந்து ஐந்து வயது மகள் சித்ரலேகாவுக்குப் படப் புத்தகம் வாசிக்கிறான். பாளையங்கோட்டை நூலகத்தில் அவள் அம்மா எடுத்துவந்தது; தவணை நேற்றோடு முடிந்துவிட்டது. கதையில், துண்டு கட்டிய குண்டுப் பேய் ஒன்று வீடு வீடாகப் புகுந்து தண்ணீரைக் குடித்துவிட்டு ஏப்பம் விடுகிறது. "அம்மா மாதிரி மூக்கால வாசிங்கப்பா." மூக்கால் வாசிக்கிறான். யாருடைய குரலோ போல் கேட்கிறது. மகள் எப்போதும் சிரிக்கும் இடத்தில் சிரிக்கிறாள். மின்விசிறிக் காற்று தாளைப் புரட்டப் பார்க்கிறது. பேயின் வயிற்றைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருக்கிறான். சித்ரலேகா எழுந்து போய் விளக்கருகே குனிகிறாள். "பேய் எல்லாத்தையும் குடிக்குல்லா? இங்கன தண்ணி கொறையவே இல்லியேப்பா." அவன் தம்ளரைப் பார்க்கிறான். காலையில் ஊற்றியது, விளிம்புவரை அப்படியே இருக்கிறது. அவள் தம்ளரை இரண்டு கையாலும் எடுத்து, மடக்மடக்கென்று பாதி குடித்து, சத்தமில்லாமல் வைக்கிறாள். நனைந்த சட்டையோடு ஓடிவந்து அவன் மடியில் உட்கார்ந்து, புத்தகத்துப் பேயைப் போலவே ஏப்பம் விடுகிறாள். "அம்மா குடிச்சிட்டா. இனி நீங்க வாசிங்க." கார்த்திகேசன் கட்டைவிரலை எடுக்கிறான். காற்று தாளைப் புரட்டுகிறது.