கீழே ஓடிய எழுத்து

லுபோவாவை மாற்றியே ஆகவேண்டும் என்று அன்று காலையில்தான் ஹாஜியிடம் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தேன்.

ஹாஜியின் வீடியோ கொட்டகையில் வெளிநாட்டுத் தொடர் ஓடும்போது, மைக்கைப் பிடித்துக்கொண்டு எங்கள் லுகாண்டா மொழியில் பேசுகிற வீஜே அவன். கம்பாலாவில் எங்கள் பேட்டை சனத்துக்கு அவன் சொல்வதுதான் கதை. கதாநாயகி குடிக்கத் தண்ணீர் கேட்டால், "மத்தோக்கே வாழைக்காய் வெந்துடுச்சா?" என்று கேட்பதாகச் சொல்வான். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொடர்களைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் ஜாஸ்தி. துருக்கித் தொடரில் ஒருத்தனும் வேலைக்குப் போவதில்லை. பிலிப்பைன்ஸ்காரனுக்கு மண்டையில் அடிபட்டால் நினைவு போகும், மறுபடி அடிபட்டால் வந்துவிடும். கொரியாக்காரன் ஒருத்தன்தான் ஒழுங்காக அழவைக்கிறான். அதையும் லுபோவா கெடுத்தால் சும்மா இருக்க முடியுமா? திரையின் கீழே கடகடவென்று ஓடுகிற இங்கிலீஷ் எழுத்தைப் படிக்கிறவன் அந்தக் கொட்டகையிலேயே நான் ஒருத்தன்தான் என்ற கர்வம் வேறு.

"அவன் புளுகுறதை சனங்க முன்னாடி நிரூபிச்சுக் காட்டு. அன்னிக்கே மைக்கைப் பிடுங்கிடறேன்" என்று கொட்டகை வாசலில் வைத்தே சொல்லியிருந்தார் ஹாஜி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கொரிய மாலுமித் தொடரின் கடைசிப் பகுதி. கொட்டகை நிரம்பி வழிந்தது.

முதல் பெஞ்சில் வழக்கம்போல நலோங்கோ. இரட்டைப் பிள்ளை பெற்றவளை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம். வாசலில் வறுத்த கடலை விற்கிற அம்மா. பொட்டலம் கட்டுகிற பழைய பேப்பரைக்கூட மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கிழிப்பாள். படம் பார்க்கிறாளாக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

திரையில் போன் மணி அடித்தது. கடற்கரையில் நின்றிருந்த மாலுமியின் தாய் எடுத்தாள். கீழே எழுத்து ஓடியது: கப்பல் மூழ்கிவிட்டது, உங்கள் மகனின் உடல் கிடைத்தது.

தாய் மணலில் விழுந்து கதறினாள்.

மைக்கில் லுபோவாவின் குரல் வந்தது. "அம்மா, உங்க பையன் உயிரோட இருக்கான். ஒரு தீவுல கரை ஒதுங்கியிருக்கான். சீக்கிரமே வந்துடுவான்... பாருங்க, சந்தோஷத்துல எப்படி அழறா அந்தத் தாய்!"

மாட்டினான். ஹாஜி கதவோரம்தான் நின்றிருந்தார். நான் எழுந்து வாயைத் திறந்தேன்.

அதற்குள் முதல் பெஞ்சிலிருந்து நலோங்கோ கைதட்டினாள். தொடர்ந்து கொட்டகையே தட்டியது. விசில் காதைப் பிளந்தது. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் நேரே லுபோவாவிடம் போய் விளாசினேன். அவன் மைக் ஒயரைச் சுற்றிக்கொண்டே தலைகுனிந்து கேட்டான்.

"நலோங்கோவோட மூத்தவன் வாஸ்வா துபாய்க்கு வேலைக்குப் போனான்ல? நாலு மாசமா ஒரு போன் இல்லண்ணே. இந்த மாலுமியைத்தான் அவங்க தன் பையனா நினைச்சுப் பார்த்துட்டு இருந்தாங்க. அவங்க முன்னாடி உட்கார்ந்திருக்கும்போது, செத்துட்டான்னு என் வாயால எப்படிச் சொல்றது? ஹாஜிகிட்ட சொல்லணும்னா சொல்லிக்குங்க."

இத்தனை நாள் அவன் மொழிபெயர்ப்பில் குற்றம் பார்த்தேனே தவிர, அவன் கண் எங்கே இருந்தது என்று பார்த்ததே இல்லை. ஹாஜியைத் தாண்டி ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்தேன்.

வாசலில் நலோங்கோ கடலைக் கூடையைத் தலையில் ஏற்றத் தயாராக நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது. "நல்ல முடிவு, இல்லம்மா?" என்று கேட்டு வைத்தேன்.

அவள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தாள். ஹாஜி இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"லுபோவாகிட்ட சொல்லு தம்பி. அடுத்த தடவை கீழே ஓடுற எழுத்தை ஒரு துணி போட்டு மறைச்சுடச் சொல்லு. 'உடல் கிடைத்தது'ன்னு அவ்வளவு பெரிசா ஓடுது. நான் சட்டுனு கைதட்டலேன்னா, இன்னிக்கு அந்தப் பிள்ளை பொழப்பு போயிருக்கும்."