ஐம்பது கோடி வருஷத்து ஓடு

தும்மி முடிச்சுப் பார்த்தா, மைக்ராஸ்கோப் தட்டு காலி. அம்மா மூணு வருஷம் பாறையைக் கரைச்சு எடுத்த, கடுகைவிடச் சின்ன, கல்லாப்போன நத்தை ஓடு எங்கே பறந்துச்சோ! சின்னவ ஓடிப்போய் ஜன்னலோரப் பூந்தொட்டியைக் கிளறி, அதே மாதிரிச் சுருள் ஓடு ஒண்ணைத் தட்டுல வெச்சுட்டு, ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி நின்னா.

அம்மா வந்து குனிஞ்சா.

"அடியே, நேத்து சரியாவே பாக்கலடி! இது புது இனம்! ஒரு கீறல் இல்ல. உன் பேரையே வெச்சிடறேன்."

"ஐயோ, வேண்டாம்மா!"

"சும்மா இரு. நான் சொல்லச் சொல்ல எழுது. சுருள் வலப்பக்கம். வாய் வட்டம். உள்ளே காலி..."

அம்மா லென்ஸை விட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டா:

"ஏண்டி, ஐம்பது கோடி வருஷம் முன்னாடி செத்தது, எதுக்குடி என்னைப் பார்த்துக் கொம்பை நீட்டுது?"