அவளோடு வந்தவர்

முதலில் அவளைத்தான் அழைத்தார்கள்.

அவன் மஞ்சள் கோட்டைத் தாண்டாமல் பின்னால் நின்றான்.

ஆக்லாந்து விமான நிலையம், பாஸ்போர்ட் பார்க்கும் இடம். தரையில் கம்பளத்தை மாற்றியிருந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே தெரிந்த வெளிச்சம் மட்டும் அதேதான்.

இந்த நாட்டில் ஏழு வருடம் இருந்தவன் அவன். படித்தான். ரொட்டிக் கடையில் மாவு பிசைந்தான். விசா முடிந்ததும் நாகர்கோவிலுக்குத் திரும்பினான். கல்யாணம் ஆனது. ஆனாலும் இங்கே வருவதற்கு விண்ணப்பித்துக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு தடவையும் மரியாதையாக மறுத்தார்கள்.

கடைசியில் விசா ஏஜென்ட்தான் சொன்னார்.

“உங்க வழி அடைஞ்சு போச்சு சார். வீட்டுக்காரங்க நர்ஸ்தானே. அவங்க வழியில போங்க.”

அவளுக்கு இந்த ஆசையே கிடையாது. டயாலிசிஸ் பிரிவில் வேலை, ஞாயிற்றுக்கிழமை கோயில், பக்கத்துத் தெருவில் அம்மா. அவளுக்கு அது போதும். அவன்தான் கெஞ்சினான். ஆங்கிலம் சொல்லிக்கொடுத்ததும் அவன்தான். அவள் தேங்காய் திருவிக்கொண்டிருப்பாள். அவன் அம்மிப் பக்கம் நின்று வெள்ளைக்காரனைப்போலக் கேள்வி கேட்பான்.

ஆங்கிலத் தேர்வில் பேச்சுக்கு அவள் வாங்கிய மதிப்பெண்ணை அவன் ஒருநாளும் வாங்கியதில்லை.

“எல்லாம் நீங்க சொல்லித் தந்ததுதானே” என்றாள்.

அதை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த அதிகாரி சிரித்தார். அவளும் சிரித்தாள். நர்ஸ்கள் வந்தால் எங்களுக்குச் சந்தோஷம் என்று அவர் சொன்னது கோடு வரைக்கும் கேட்டது.

பிறகு அவனை அழைத்தார்.

“அவங்களோட வந்தவரா?”

“ஆமாம்.”

அதிகாரி திரையைப் பார்த்தார்.

“முன்னாடி இங்க இருந்திருக்கீங்க. ஏன் போனீங்க?”

நீங்கள்தானே அனுப்பினீர்கள். தொண்டை வரைக்கும் வந்தது.

“விசா முடிஞ்சுது” என்றான். இந்த ஊர்க்காரர்கள் சொல்வது மாதிரியே, இழுத்து, மூக்கால் சொன்னான். அதிகாரி நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெளியே கடுங்குளிர்.

அவள் நின்றுவிட்டாள். வாயைக் குவித்து ஊதினாள். மறுபடியும் ஊதினாள்.

“பாத்தியளா. வாயில இருந்து புகை வருது.”

இந்த ஊர் அவளை ஒருதடவைகூட வேண்டாம் என்று சொன்னதில்லை. அது அவள் முகத்தில் தெரிந்தது.

அவன் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பஸ் எங்க நிக்கும்?” என்று கேட்டாள்.

அவனுக்குத் தெரியும். வலது பக்கம், கார்கள் நிற்கும் இடத்தைத் தாண்டி. ஊரிலிருந்து வருகிறவர்களைக் கூட்டிப்போக எத்தனையோ தடவை அங்கே நின்றிருக்கிறான்.

“தெரியல” என்றான். “யார்கிட்டயாவது கேட்டுப் பாரு.”

கொஞ்சம் திணறட்டும்.

அவள் போனாள். ஆரஞ்சு மேலங்கி போட்ட ஒரு பெண்ணிடம் ஏதோ கேட்டாள். அந்தப் பெண் ‘என்ன?’ என்று திருப்பிக் கேட்கவில்லை. கையை நீட்டிக் காட்டினாள்.

இடது பக்கம்.

அவன் வலது பக்கம் திரும்பிப் பார்த்தான். கார்கள் இல்லை. ஆள் உயரத்துக்கு மேல் பலகை அடித்து மறைத்திருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் ஒரு கிரேன் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

அவள் ஓட்டமும் நடையுமாக வந்தாள். மூச்சு வாங்கியது.

“இந்தப் பக்கமாம். மொதல்ல அங்க இருந்துச்சாம், மாத்தி ரொம்ப நாளாச்சாம். நான் பேசினது அவளுக்கு அப்படியே புரிஞ்சுது, கேட்டியளா.”

தள்ளுவண்டியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். முன்னால் நடந்தாள். அவன் பின்னால் போனான்.

கொஞ்ச தூரம் போனதும் வேகத்தைக் குறைத்தாள்.

“நெசமாவே ஒங்களுக்குத் தெரியாதா?”

அவன் கிரேன் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“தெரியாது” என்றான்.

அவள் வண்டியின் கைப்பிடியில் ஒரு பாதியை அவனுக்கு விட்டு, ஓரமாக நகர்ந்துகொண்டாள்.