அண்ணாந்தான்

காசியம்மாளின் மூத்த பிள்ளை பிறந்த மூன்றாம் நாளே போய்விட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து வண்டியில் கொண்டுவரும்போது அவள் மடியில் அண்ணாந்து மலையையே பார்த்துக்கொண்டிருந்தான். அதனால் அவனுக்கு அண்ணாந்தான் என்று மனசுக்குள் பேர் வைத்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு வருஷம் கழித்துப் பிறந்தவனுக்கு அந்தப் பேரையே வைத்தாள்.

1983 ஜூனில் அவனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனார்கள். "ஊர்ல வேற யாருக்கும் இந்தப் பேர் இல்ல சார்," என்றான் அவள் கணவன் பலராமன்.

"ரெண்டாவதுல ஒருத்தன் இருக்கானே," என்றார் ஹெட்மாஸ்டர். "அவங்கப்பா பேரும் பலராமன்தான். ஒரு நாள்கூட லீவு போட்டதில்ல."

ரிஜிஸ்தரைத் திருப்பிக் காட்டினார். பிறந்த தேதி 14-8-1976. மூத்தவன் பிறந்த அதே நாள். பலராமன் சின்னவனை இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். காசியம்மாள் அசையவில்லை.

"மதியம் ஒழுங்கா சாப்பிடறானா சார்?" என்று கேட்டாள்.

"சாப்பிடறாம்மா. சாயங்காலம்தான் கூட்டிட்டுப் போக யாரும் வர்றதில்ல. எல்லாரும் போனப்புறமும் வாசலண்ட நிப்பான்."

அன்று நாலு மணிக்குப் பெல் அடித்தது. பிள்ளைகள் எல்லாரும் போய்த் தீரும்வரை பள்ளிக்கூட வாசலில் காத்திருந்துவிட்டு, காசியம்மாள் மெதுவாக நடந்தாள். சின்னப் பிள்ளையின் நடைக்குத் தக்க நடை அது.

தேரடித் தெருவில் பூ விற்கும் பச்சையம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "உன் பெரியவனா? அப்படியே உன் ஜாடை."

"ஆமாக்கா," என்றாள் காசியம்மாள்.