மதில்மேல் ஓமவல்லி

“பத்து நாளா இருமுற. டாக்டர்கிட்ட வான்னா கேக்க மாட்டேங்கற!” என்று சலித்துக்கொண்டார் கணவர்.

“அதான் பக்கத்து வீட்டுலேருந்து தங்கச்சி தினம் மதில்மேல ஓமவல்லி இலை பறிச்சு வைக்கிறாளே. கஷாயம் போட்டுக் குடிச்சா சரியாயிடும்.”

“வீட்டைப் பாகம் பிரிச்சதுலேருந்து ரெண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. இலைக்கு மட்டும் ரோஷம் இல்லையாக்கும்!”

மதிலுக்கு அப்பால் தங்கையின் செருப்புச் சத்தம் கேட்டதும் அவள் ஓடிப்போய், நெஞ்சு கிழிய இருமினாள். எப்போதும் வளையல் போட்ட கை ஒன்று மேலே வந்து இலைகளை வைத்துவிட்டு மறையும். இன்று கை வரவில்லை, இருமல்தான் வந்தது.

“போச்சு! அவளுக்கும் ஒட்ட வச்சுட்ட.”

“எனக்கே இல்லாத இருமல் அவளுக்கு எப்படிங்க ஒட்டும்?”

“என்னது, இல்லாத இருமலா?”

“இருமினாத்தானே அவ கையையாவது பார்க்க முடியும்” என்றாள்.

அந்தப் பக்கம் மறுபடி இருமல். தொட்டி தொட்டியாக மூலிகை வளர்ப்பவள் யாரிடம் மருந்து கேட்கிறாள்?

அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடித் தங்கையின் கதவைத் தட்டினாள்.

“உனக்கு என்னடி இருமல்?”

கதவைத் திறந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“உனக்கு வந்த அதே இருமல்தான்க்கா.”