பதினாலு கிலோ கொடுவா

ரஹீம் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். போதவில்லை என்று இன்னும் கொஞ்சம் விரித்தான்.

“பதினாலு கிலோ. மேல இருக்குமே தவுர கீழ இருக்காது.”

ஜெயக்கொடி அண்ணாச்சிக்கு வயிறு பற்றி எரிந்தது.

எண்ணூர் ஆற்றுப் பாலத்தடியில் ஞாயிறு காலை தூண்டில் போட வருகிறவர்கள் ஏழெட்டுப் பேர். அவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. பிடித்த மீனை, அவர்களில் ஒருவனான டென்னிஸின் தராசில், இரண்டு பேர் பார்க்கத் தொங்கவிட வேண்டும். தொங்காத மீன் எத்தனை கிலோ என்றாலும் அது காத்து மீன்தான். தொங்கியதில் பெரியது எதுவோ, அது பிடித்தவர் பெயரோடு பாலத்துத் தூணில் சிவப்பு பெயின்டில் ஏறும்.

ஆறு வருஷமாக அங்கே இருப்பது அண்ணாச்சியின் பதினொரு கிலோ.

திருவொற்றியூரில் எலக்ட்ரிக் கடை, எர்ணாவூரில் சொந்த வீடு என்று எல்லாம் இருந்தும் மனிதர் பெருமையாகக் கூட்டிப்போய்க் காட்டுவது அந்தத் தூணைத்தான்.

இப்போது இந்த லோடு ஆட்டோக்காரன் வந்து கையை விரிக்கிறான். வெள்ளிக்கிழமை விடியலில் தனியாக வந்து பிடித்தானாம். போன் வீட்டில் சார்ஜில் கிடந்ததாம். தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று மீனை வெட்டி, கொருக்குப்பேட்டையில் தெருவுக்கே பங்கு போட்டுவிட்டானாம்.

நல்ல கதை. ஆனால் அத்தனை பேரும் வாயைப் பிளந்து கேட்கிறார்களே, அதைத்தான் அண்ணாச்சியால் தாங்க முடியவில்லை.

போன மார்கழியில் இதே இடத்தில் ஒரு ராட்சதக் கொடுவா மீனோடு முக்கால் மணி நேரம் தனியாக மல்லுக்கட்டி, தூண்டில் நரம்பு அறுந்து வெறுங்கையோடு நின்றார் அவர். எவனாவது நம்பினானா? ‘காத்து கொடுவா அண்ணாச்சி’ என்று பட்டம் அல்லவா கட்டினார்கள்! எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் இந்த ரஹீம்.

“தராசுல ஏத்தாம எப்டிபா தூண்ல எழுதறது?” என்றான் டென்னிஸ். “சாட்சி இன்னா கீது?”

“இது கீது.” ரஹீம் சட்டைப் பையிலிருந்து துருப்பிடித்த தூண்டில் முள் ஒன்றை எடுத்தான். “அது வாய்ல ஏற்கெனவே குத்திக்கினு இருந்துச்சு. இது யாருதோ அவுரு வந்து சொல்லட்டும். அவுருதான் சாட்சி.”

முள் கைமாறிக் கைமாறி அண்ணாச்சியிடம் வந்தது.

அதன் கழுத்தில் தாமிரக் கம்பி சுற்றியிருந்தது. நெருக்கமாக, ஏழு சுற்று.

அண்ணாச்சிக்குத் தூக்கிவாரிப்போட்டது. கொடுவாவின் செவுள் கத்தி மாதிரி நரம்பை அறுக்கும். அதற்காகக் கடையிலிருந்து மோட்டார் கம்பி எடுத்துவந்து முள்ளின் கழுத்தில் சுற்றுவது அவர் சொந்தமாகக் கண்டுபிடித்த வித்தை. ஒரு ஜீவனிடம் சொன்னதில்லை. தெரிந்தால் எவனாவது பதினொரு கிலோவைத் தாண்டிவிடுவான் என்று, கம்பி வெளியே தெரியாமல் இறாலைக் கோத்துத்தான் கரைக்கே இறங்குவார்.

மார்கழி மீன்! அப்படியென்றால் நான் சொன்னது பொய் இல்லை!

காலடியில் இருக்கும் பெட்டியைத் திறந்தால் போதும். இதே போலக் கம்பி சுற்றிய முள் பத்து உள்ளே கிடக்கிறது. பட்டம் இன்றோடு ஒழிந்துபோகும். சந்தோஷத்தில் அவர் கை பெட்டி மேல் போனது.

போன பிறகுதான் அடுத்த நினைப்பு வந்தது. முள் நிஜம் என்றால் ரஹீமின் மீனும் நிஜம். நிஜமான மீன் தூணில் ஏறும். பதினாலு. ரஹீம் பேரில்.

பெட்டி மேல் போன கை அங்கேயே நின்றது.

“எனக்கென்ன தெரியும்? கடையில விக்கிற முள்ளுதானே,” என்றார்.

ரஹீம் அவரையே பார்த்தான். “நல்லா பாரு அண்ணாச்சி.”

“பாத்தாச்சு.”

ரஹீம் முள்ளை வாங்கி ஆற்றில் விட்டெறிந்தான். “சரி வுடு. இனிமே நானும் காத்து கொடுவா.”

எல்லோரும் சிரித்தார்கள். மார்கழியில் சிரித்த அதே சிரிப்பு. அண்ணாச்சிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

தூண்டிலை வீசிவிட்டு உட்காரும்போது போன் அடித்தது. மனைவி சிவந்தி. அண்ணாச்சி மட்டும் தூத்துக்குடியில் கல்யாணத்துக்குப் போய்விட்டு அன்று அதிகாலையில்தான் திரும்பியிருந்தார். தூங்குகிறவளை எழுப்பாமல் தூண்டிலோடு கிளம்பி வந்துவிட்டார்.

“வந்ததும் வராததுமா ஆத்துக்குப் போயாச்சாக்கும்? ஏங்க, வெள்ளிக்கிழமை ரஹீம் தம்பி ஒரு மீன் தலையைக் கொண்டாந்து குடுத்துச்சு. ஃப்ரிட்ஜுல வேற ஒரு சாமான் வைக்க முடியல, அவ்ளோ பெருசு. ‘அக்கா, இது அண்ணாச்சி மீனு, தாமிரக் கம்பி சுத்துன முள்ளு வாய்ல இருந்துச்சு, எலக்ட்ரிக் கடைக்காரர வுட்டா வேற யாரு அப்டி சுத்துவாங்க, நான் சும்மா இழுத்துப் போட்டேன், அவ்ளோதான்’னுச்சு. தூண்ல உங்க பேர்தான் ஏறணுமாம். எல்லார் முன்னாலயும் நீங்களே வாயால சொல்லணும், அதுவரைக்கும் சொல்லிராதீங்கக்கான்னு வேற சொல்லிட்டுப் போச்சு. என்னால வாய வச்சுக்கிட்டு இருக்க முடியல.”

அண்ணாச்சி தூணை அண்ணாந்து பார்த்தார்.

“என்னங்க, இத வெட்டிரவா, இல்ல நீங்க எடுத்துட்டுப் போய்க் காட்டணுமா?”

பத்தடி தள்ளி ரஹீம் குனிந்து இறாலைக் கோத்துக்கொண்டிருந்தான்.

“வெட்டிரு,” என்றார் அண்ணாச்சி. “சின்னச் சின்னத் துண்டா.”