மரகதத்தம்மாளின் கடிதக் கட்டு

மாவட்ட ஆவணக் காப்பகத்தில் படிவத்தை நிரப்பி நீட்டினாள் அம்சவேணி. வாங்கிய காப்பாளர் சபாபதிக்கு வியர்த்துவிட்டது. எதிரே நிற்பது அவர் மனைவி.

"ஏய், இங்க எதுக்குடி வந்தே?"

"யார் வேணா பார்க்கலாம்னு போர்டு வெச்சிருக்கீங்களே! தூக்கத்துலகூட அவ பேரைத்தானே சொல்றீங்க? நானும் பார்க்கிறேன்."

ஜமீன் வீட்டு மரகதத்தம்மாள் இறந்து நூறு வருடமாகிறது. அவள் எழுதிய கடிதக் கட்டை, எரியும் விளக்கை ஏந்துவதுபோல் இரு கைகளாலும் கொண்டுவந்து வைத்தார் சபாபதி. தன்னை அவர் ஒருநாளும் அப்படித் தொட்டதில்லை. அம்சவேணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஓரத்தைப் பிடிச்சு மெதுவா திருப்பு. எச்சில் மட்டும் தொட்டுடாதே தாயே, தாள் தாங்காது!"

இதுவரை அவளிடம் கெஞ்சியறியாத குரல். அவர் கண்களைப் பார்த்தபடியே, ஆள்காட்டி விரலை நிதானமாக நாக்குக்குக் கொண்டுபோனாள் அம்சவேணி.